மேகக் கணிமைத் தொழில்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலைகள் நெடிதுயர்ந்து நிற்கின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய இம்மலைகளில் பெய்யும் மழை, சிற்றோடைகளாய்ப் பிறந்து, அருவிகளாய் வீழ்ந்து, கோமுகி, மணிமுத்தா முதலிய ஆறுகளாய்ச் சமவெளியை அடைகின்றது. அங்குள்ள அருவிகளுள் ஒன்றுக்கு 'மேகம்' என்றே பெயர். மலையடிவாரத்தில், கச்சிராயபாளையத்திற்கு அருகே, கோமுகி ஆற்றின் குறுக்கே ஓர் அணை கட்டப்பட்டுள்ளது. அதில் தேங்கும் நீர் கால்வாய் வழியே வயல்களுக்குப் பாய்கின்றது. உழவர் ஒவ்வொருவரும் தமக்கெனத் தனித்தனியே அணை கட்டிக்கொள்ள இயலுமா? இயலாது, கட்டவும் வேண்டியதில்லை. பொதுவில் ஒன்றைக் கட்டி, அவரவர்க்கு வேண்டிய அளவு வேண்டிய காலத்தில் பெற்றுக்கொள்வதே அறிவுடைமை.

நீருக்குப் பொருந்தும் இம்முறை கணிக்கும் ஆற்றலுக்கும் பொருந்தும் என்று அறிஞர் சிலர் நெடுநாட்களுக்கு முன்பே எண்ணினர். 1961ஆம் ஆண்டில் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி, தொலைபேசியைப் போலவே கணிக்கும் ஆற்றலும் ஒருநாள் பொதுமக்களுக்கு வழங்கப்படும் பொதுப் பொருளாகலாம் என்று கூறினார். அந்நாளில் ஒரு கணினி ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அதன் விலையோ மிகப் பெரிது. ஆதலால் அவர் கூறியது பலருக்குக் கனவாகவே தோன்றியிருக்கும். ஆயினும், 2006ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் தன் கணினிகளையும் சேமிப்பிடத்தையும் பிறருக்கு வாடகைக்கு விடத் தொடங்கியது. மைக்ரோசாப்ட், கூகுள் முதலிய நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் சென்னை, புனே, மும்பை ஆகிய மூன்று நகரங்களில் இத்தகைய மையங்களைத் தொடங்கியது. 2016இல் அமேசானும் 2017இல் கூகுளும் மும்பையில் தொடங்கின. இந்திய அரசும் தன் துறைகளின் பயன்பாட்டுக்காக 2014ஆம் ஆண்டில் 'மேகராஜ்' என்னும் பெயரால் ஒரு தேசிய மேகத்தை ஏற்படுத்தியது.

இம்முறைக்கு மேகக் கணிமை என்று பெயர். மக்கள் இதனைக் 'கிளவுட்' என்றும் வழங்குவர். பெயரைக் கேட்டு, இது வானத்தில் மிதப்பது என்று எண்ணிவிடலாகாது. தொலைத்தொடர்புப் பொறியாளர்கள் படம் வரையும்போது, தம் பொறுப்பில் இல்லாத வலைப்பின்னலை ஒரு மேகத்தின் வடிவாக வரைந்து காட்டுவது வழக்கம். 'அதனுள் என்ன நிகழ்கின்றது என்று இங்கே ஆராய வேண்டியதில்லை' என்பது அப்படத்தின் பொருள். அவ்வழக்கிலிருந்தே இப்பெயர் எழுந்தது. உண்மையில் மேகக் கணிமை என்பது மண்ணின்மேல் உறுதியாக நிற்கும் கட்டடங்களே. அவற்றுள் பல்லாயிரம் கணினிகள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. இக்கணினிகளை வழங்கிகள் என்பர். அவை இரவும் பகலும் இயங்க மின்சாரம் வேண்டும். சூடேறாமல் இருக்கக் குளிர்ச்சியும் வேண்டும். 2024ஆம் ஆண்டில் உலகில் பயன்பட்ட மின்சாரத்தில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காட்டை இத்தகைய தரவு மையங்களே எடுத்துக்கொண்டன என்று பன்னாட்டு எரிசக்தி முகமை கணித்துள்ளது. எனவே மேகம் என்பது இலவசமும் அன்று, எடையற்றதும் அன்று.

இத்துறையில் மூன்று தரத்தார் உளர். முதலாமவர், மேகத்தை உடைய பெருநிறுவனத்தார். இரண்டாமவர், அம்மேகத்தை வாடகைக்குக் கொண்டு, அதன்மேல் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் கூட்டுறவுச் சங்கத்திற்கும் கடைக்கும் பள்ளிக்கும் வேண்டிய மென்பொருள்களை ஆக்கித் தரும் நிறுவனத்தார். இவர்களைக் கூட்டாளி நிறுவனத்தார் என்பர். மூன்றாமவர், அம்மென்பொருளைக் கையாளும் மக்கள். முதலாமவரிடம் ஆற்றல் உண்டு. ஆனால் ஒரு மலைச் சிற்றூரின் மருத்துவ நிலையத்திற்கு என்ன தேவை என்பதை அவர் அறியார். இரண்டாமவர் தேவையை அறிவார். ஆனால் மேகத்தின் நுட்பங்கள் யாவற்றையும் அறிந்திரார். இவ்விருவருக்கும் இடையே நின்று, கூட்டாளிகளுக்கு வழிகாட்டுபவரே மேகத் தீர்வு வடிவமைப்பாளர். 'கிளவுட் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட்' என்பது அலுவலகங்களில் இவருக்கு வழங்கும் பெயர். கட்டடம் எழுப்புவதற்கு முன் அதன் படத்தை வரைபவர் கட்டடக் கலைஞர். அதுபோல, மென்பொருளை எழுதுவதற்கு முன் அதன் அமைப்பை வரையத் துணைபுரிபவர் இவர்.

இவருடைய பணி கேள்வி கேட்பதிலிருந்து தொடங்குகின்றது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்றது. 2021ஆம் ஆண்டில் அச்சிற்பம் புவிசார் குறியீடும் பெற்றது. தேர்ந்த சிற்பி எடுத்தவுடன் உளியை ஓட்டுவதில்லை. முதலில் மரத்தின் இழையோட்டத்தை நோக்குகின்றார். வடிவமைப்பாளரும் அவ்வாறே முதலில் தேவையின் இயல்பை நோக்குதல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. அவ்வூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கருவுற்ற தாய்மாரைக் கவனிக்கும் செவிலியர்களுக்கு ஒரு மென்பொருள் தேவைப்படுகின்றது என்று கொள்வோம். தாயின் இரத்த அழுத்தம், இரத்தத்தின் தன்மை, முன்னைய பேறுகாலத்தில் நேர்ந்த இடர் ஆகியவை அதில் பதிவாக வேண்டும். ஒரு தாய்க்கு இடர் மிகுந்தால் அவரை மலையிலிருந்து இறக்கிக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். ஊர்தி வளைந்து வளைந்து மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே, கீழேயுள்ள மருத்துவர் அத்தாயின் குறிப்புகளைப் படித்து ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அக்குறிப்புகள் அந்நேரத்தில் கிடைக்காவிடின் மென்பொருள் இருந்தும் பயன் என்ன? ஓர் உயிர் அன்று, ஈருயிர்கள் அதனைப் பொறுத்துள்ளன.

இம்மென்பொருளை ஆக்க முன்வரும் கூட்டாளி நிறுவனத்தாரிடம் வடிவமைப்பாளர் கேட்பன பல. ஒரே நேரத்தில் எத்தனை பேர் இதனைப் பயன்படுத்துவர்? இது நின்றுபோனால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? பதிவுகள் அழிந்தால் எவ்வளவு இழப்பைத் தாங்கலாம்? யார் யார் இக்குறிப்புகளைப் படிக்கலாம்? இணையம் எட்டாத இடத்தில் செவிலியர் என்ன செய்வார்? ஆண்டுக்கு எவ்வளவு செலவு செய்ய இயலும்? இக்கேள்விகள் எளியன போலத் தோன்றும். ஆனால், 'எல்லாம் எப்போதும் இயங்க வேண்டும், எதுவும் அழியக்கூடாது, செலவும் ஆகக்கூடாது' என்பதே பெரும்பாலும் முதலில் வரும் விடை. அவ்விடையைப் பகுத்து, எது இன்றியமையாதது, எது காத்திருக்கக் கூடியது என்று பிரித்துக் காட்டுவதே வடிவமைப்பாளரின் திறமை. தாயின் இடர்க்குறிப்பு ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது. மாதாந்தரப் புள்ளிவிவரம் மறுநாள் வந்தாலும் குறையொன்றும் இல்லை. இரண்டுக்கும் ஒரே அளவு பொருளைச் செலவிடுதல் வீண்.

அடுத்தது கணக்கு. ஒரு வழங்கி ஆண்டு முழுவதிலும் 99.9 விழுக்காடு நேரம் தவறாது இயங்கும் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு இது நிறைவாகவே தோன்றும். ஆனால் ஓராண்டில் 8,760 மணி நேரம் உள்ளது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ எட்டே முக்கால் மணி நேரம், அவ்வழங்கி இயங்காது. இனி, அம்மென்பொருள் மூன்று உறுப்புகளைக் கொண்டது என்க: நுழைவோரைச் சரிபார்ப்பது ஒன்று, பதிவுகளைச் சேமிப்பது ஒன்று, மருத்துவருக்குச் செய்தி அனுப்புவது ஒன்று. மூன்றும் இயங்கினால்தான் முழுமையும் இயங்கும். ஒவ்வொன்றும் 99.9 விழுக்காடு உறுதி உடையதாயினும், மூன்றும் ஒருங்கே இயங்கும் நேரம் ஏறத்தாழ 99.7 விழுக்காடே. ஆண்டுக்கு ஒரு நாளுக்கும் மேலாக, ஏறத்தாழ 26 மணி நேரம், முழு அமைப்பும் முடங்கும். சங்கிலியின் கண்ணிகள் பெருகப் பெருக உறுதி குறைகின்றது.

இதற்கு மாற்று யாது? ஒரே வேலையைச் செய்யும் இரண்டு வழங்கிகளை அருகருகே நிறுத்துதல் ஆகும். ஒன்று வீழ்ந்தால் மற்றொன்று தாங்கும். ஒவ்வொன்றும் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரமே நிற்குமாயின், இரண்டும் ஒருங்கே நிற்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கே. அதாவது ஆண்டுக்கு அரை நிமிடம் அளவே. இக்கணக்கைப் பள்ளி மாணவரும் செய்துவிடலாம். ஆனால் இதனுள் ஒரு நிபந்தனை மறைந்துள்ளது. ஒன்றின் வீழ்ச்சிக்கும் மற்றொன்றின் வீழ்ச்சிக்கும் தொடர்பு இருத்தல் ஆகாது. இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்து, அக்கட்டடமே தீப்பற்றினால் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

இது வெறுங்கற்பனை அன்று. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்னும் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. தம் பதிவுகளையும் அவற்றின் நகல்களையும் அவ்விடத்திலேயே வைத்திருந்தோர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். வெள்ளமும் இத்தகையதே. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை மாநகரம் பெருவெள்ளத்தில் தத்தளித்ததை நாடு கண்டது. ஆகவே, ஒரு நகல் சென்னையில் இருந்தால் மற்றொன்று மும்பையிலோ வேறு நகரிலோ இருத்தல் நன்று. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்னும் பழமொழி இத்தொழிலுக்கு முற்றும் பொருந்தும்.

நகலை வேறிடத்தில் வைப்பதோடு, வேறொருவரிடமும் வைப்பது மேலும் நன்மை தரும் என்பதை 2024ஆம் ஆண்டு மே மாதத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி உணர்த்துகின்றது. ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம் ஒன்று உண்டு. அதன் உறுப்பினர் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர். அதன் பதிவுகளைத் தாங்கிய கூகுள் மேகத்தில், அமைப்பில் நேர்ந்த ஒரு பிழையால், நிதியத்தின் கணினி ஏற்பாடே நீக்கப்பட்டுவிட்டது. உறுப்பினர்கள் பல நாட்கள் தம் கணக்கைக் காண இயலாது தவித்தனர். ஆனால் அந்நிதியம் மற்றொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது. மீட்புப் பணிக்கு அது பெருந்துணை செய்தது. உறுப்பினரின் சேமிப்பும் காக்கப்பட்டது. 'இது ஒருபோதும் வீழாது' என்று எதனையும் நம்பிவிடாத மனமே வடிவமைப்பாளருக்கு முதற்கருவி என்பது இதனால் விளங்கும்.

மேகக் கணிமையின் தனிச்சிறப்பு, வேண்டும்போது விரிந்து, வேண்டாதபோது சுருங்குதல் ஆகும். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், பதினெட்டு வயது நிரம்பியோர் யாவரும் கொரோனாத் தடுப்பூசிக்குப் பதிவு செய்யலாம் என்று கோவின் தளம் திறந்துவிடப்பட்டது. அந்த ஒரு நாளிலேயே ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தனர். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயிலை நெருக்கியமையால் தொடக்கத்தில் தடங்கல் ஏற்பட்டது. தேர்வு முடிவுகள் வெளியாகும் காலை வேளையிலும் இத்தகைய நெரிசல் உண்டாவதை மாணவர்கள் அறிவர். அந்த ஒரு மணி நேரத்திற்காக ஆண்டு முழுவதும் நூறு கணினிகளை விலைக்கு வாங்கி வைத்திருத்தல் அறிவுடைமையன்று. மேகத்திலோ, அந்த ஒரு மணி நேரத்திற்கு மட்டும் நூறு கணினிகளைப் பெற்றுப் பின்னர்த் திருப்பித் தந்துவிடலாம். ஆனால் திருப்பித் தர மறந்துவிட்டால், திறந்துவிட்ட குழாயிலிருந்து நீர் வீணாவது போலப் பணம் வீணாகும். எப்போது விரிவது, எப்போது சுருங்குவது என்பதை முன்கூட்டியே வகுத்து, கணினியே அதனைச் செய்யும்படி அமைப்பதும் வடிவமைப்பாளரின் பணியாகும்.

அடுத்துக் காவலைப் பற்றிய செய்தி. வாடகைக் கட்டடம் ஒன்றின் வெளிவாயிலைக் காப்பது உரிமையாளரின் கடமை; தன் அறையைப் பூட்டுவது குடியிருப்பவரின் கடமை. அறைக்கதவைத் திறந்து போட்டுவிட்டு, பொருள் களவு போயிற்று என்று உரிமையாளரைக் குறை கூறுதல் முறையாகாது. மேகத்திலும் அப்படியே. கட்டடத்தையும் வழங்கியையும் காப்பது மேக நிறுவனத்தின் பொறுப்பு. அதனுள் வைக்கும் பதிவுகளை யார் பார்க்கலாம் என்று வரையறுப்பதும், கடவுச்சொல்லைக் காப்பதும், பதிவுகளைப் பிறர் படிக்க இயலாதவாறு மறைகுறியாக்குவதும் கூட்டாளியின் பொறுப்பு. இதனைப் பகிர்ந்த பொறுப்பு என்பர். இந்திய நாடாளுமன்றம் 2023ஆம் ஆண்டில் தனிநபர் தரவுகளைப் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றியது. மக்களிடமிருந்து விவரங்களைப் பெறுவோரே அவற்றின் பாதுகாப்புக்கு விடை கூற வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு தாயின் உடல்நிலை பற்றிய குறிப்பு அவருக்கும் அவரைக் கவனிப்போருக்கும் உரியது. ஊரார் படிப்பதற்கு உரியது அன்று. எனவே செவிலியர் தம் பொறுப்பிலுள்ள தாய்மாரின் பதிவுகளை மட்டும் காணுமாறும், மருத்துவர் தம்மிடம் அனுப்பப்பட்டவரின் பதிவுகளைக் காணுமாறும் எல்லை வகுத்தல் வேண்டும்.

இனி மலைக்கே உரிய ஓர் இடர் உண்டு. கல்வராயன் மலையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவு. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, செய்தி அவ்வளவு தொலைவு போய்த் திரும்ப நூறில் ஒரு நொடியே போதும்; கம்பி வளைந்து செல்வதாலும் இடையிலுள்ள கருவிகளாலும் இன்னுஞ் சிறிது கூடலாம். ஆயிரம் கிலோமீட்டர் இங்கே பொருட்டே அன்று. மலை முகடு மறைக்கும் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த கைபேசிக் கோபுரம் வரையுள்ள சிறு தொலைவே பெருந்தடை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளை ஒளியிழைக் கம்பியால் இணைப்பதை நோக்கமாகக் கொண்டு பாரத்நெட் திட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும் ஊராட்சி அலுவலகம் வரை கம்பி வந்தாலும், குன்றின் மறுபுறத்துக் குடிசையில் தாயைப் பார்க்கச் செல்லும் செவிலியரின் கையிலுள்ள கருவிக்கு அலை எட்டும் என்று உறுதி கூற இயலாது.

நகரத்தில் அமர்ந்து மென்பொருள் எழுதுவோர் இதனை எளிதில் மறந்துவிடுவர். வடிவமைப்பாளர் நினைவூட்ட வேண்டும். இணையம் இல்லாதபோதும் பதிவு செய்ய இயலுமாறு, குறிப்புகள் முதலில் செவிலியரின் கருவியிலேயே தங்க வேண்டும். அலை கிடைத்தவுடன் தாமே மேகத்தைச் சென்றடைய வேண்டும். இடர்க்குறிப்பாகிய சில எழுத்துகள் முதலில் செல்ல வேண்டும்; பெரிய படங்கள் பின்னர்ச் செல்லலாம். செவிலியர் இருவர் ஒரே தாயைப் பற்றி வெவ்வேறு குறிப்புகளை எழுதியிருந்தால், பிந்தியது முந்தியதை அழித்துவிடலாகாது. இரண்டையும் வைத்து, எது சரி என்று மனிதரையே கேட்டல் வேண்டும். குறிப்பு மேகத்தைச் சேர்ந்ததா, இன்னும் கருவியிலேயே நிற்கின்றதா என்பது செவிலியருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிடின், 'அனுப்பிவிட்டேன்' என்று அவர் நம்பியிருக்க, மருத்துவர் ஒன்றும் அறியாதிருக்கும் இன்னல் நேரும்.

மென்பொருளில் மாற்றம் செய்யும்போதும் விழிப்பு வேண்டும். 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பு ஒன்று, உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. வானூர்திகள் பல நிறுத்தப்பட்டன. மருத்துவமனைகளும் வங்கிகளும் தடுமாறின. இந்திய வானூர்தி நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய நுழைவுச் சீட்டுகள் வழங்கப்பட்டன. ஒரு நிறுவனத்தின் சிறு பிழை, அதனை நம்பியிருந்த அனைவரையும் ஒரே நாளில் தாக்கியது. புதியது எதனையும் முதலில் சிலரிடம் மட்டும் அனுப்பி, நலமாக இயங்குகின்றதா என்று நோக்கி, பின்னரே யாவர்க்கும் அனுப்புதல் வேண்டும் என்னும் நெறி இதனால் மேலும் வலியுறுத்தப்பட்டது. கணினி நின்றாலும் காகிதத்தால் வேலையைத் தொடரும் வழி ஒன்றை மறவாது வைத்திருத்தல் வேண்டும் என்பதும் இதனால் பெற்ற பாடமே.

இவ்வளவும் அறிந்த வடிவமைப்பாளர் தாமே எல்லாவற்றையும் செய்து முடித்துவிடலாமே என்று சிலர் எண்ணலாம். அங்கேதான் இத்தொழிலின் நுட்பம் உள்ளது. கூட்டாளிகள் பலர், வடிவமைப்பாளர் ஒருவர். அவர் செய்து கொடுத்துவிட்டுச் சென்றால், நள்ளிரவில் பழுது நேரும்போது திருத்துவதற்கு ஆள் இராது. ஆதலால் அவர் செய்து தருவதைவிடச் செய்யக் கற்பிப்பதே மேல். கூட்டாளிகள் வரைந்த படத்தை அவர்களோடு அமர்ந்து ஆராய்வார். 'இது வீழ்ந்தால் என்ன ஆகும்?' என்று ஒவ்வோர் உறுப்பையும் சுட்டிக் கேட்பார். விடையை அவரே கூறாது, அவர்களையே காணச் செய்வார். பயிற்சிக்காக ஒரு வழங்கியை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கவும் தூண்டுவார். நெட்பிளிக்ஸ் நிறுவனத்தார் தம் வழங்கிகளைத் தாமே அங்கங்கே நிறுத்திச் சோதிக்கும் மென்பொருள் ஒன்றைச் செய்து, அதற்குக் 'குழப்பக் குரங்கு' என்று பொருள்படும் வேடிக்கைப் பெயரையும் இட்டு, 2012ஆம் ஆண்டில் யாவரும் பயன்படுத்தக் கொடுத்தனர். பகலில் பழகிய கையே இரவில் பதறாது பணி செய்யும்.

வேறோர் இக்கட்டும் உண்டு. வடிவமைப்பாளருக்கு ஊதியம் தருவது மேக நிறுவனம். கூட்டாளி எவ்வளவு மிகுதியாக வாடகைக்கு எடுக்கின்றாரோ அவ்வளவு வருவாய் அந்நிறுவனத்திற்குச் சேரும். ஆனால், 'இத்தனை கணினிகள் உமக்குத் தேவையில்லை. பாதியே போதும்' என்று கூற வேண்டிய நேரங்கள் வரும். சில வேளைகளில், 'இவ்வேலைக்கு மேகமே வேண்டாம். உம்மிடம் உள்ள கணினியே போதும்' என்றும் கூற நேரும். அதனைத் தயங்காது கூறுபவரையே கூட்டாளிகள் மறுமுறை நாடி வருவர். ஒருமுறை தேவைக்கு மேல் விற்றுவிட்டால் அன்றைய கணக்கு உயரும், நம்பிக்கை குறையும். நேர்மை இத்தொழிலில் அறம் மட்டுமன்று. அதுவே முதலும் ஆகும்.

இத்தொழிலுக்கு வேண்டிய கல்வி எத்தகையது? கணினி எவ்வாறு இயங்குகின்றது, வலைப்பின்னல் வழியே செய்தி எவ்வாறு செல்கின்றது, பதிவுகள் எவ்வாறு சேமிக்கப்படுகின்றன என்பவற்றை நன்கு அறிதல் வேண்டும். மென்பொருள் எழுதிப் பழகியிருத்தல் நன்று; பிறர் எழுதியதன் குறையை அப்போதுதான் காண இயலும். விழுக்காடும் நிகழ்தகவும் கைவர வேண்டும். இவற்றோடு ஒப்ப இன்றியமையாதது, அரியதை எளிதாக எடுத்துரைக்கும் ஆற்றல். பொறியாளரிடம் பொறியாளர் மொழியிலும், செலவைக் கணிப்பவரிடம் கணக்கின் மொழியிலும், செவிலியரிடம் அவருக்கு விளங்கும் தமிழிலும் பேசக் கற்றவரே இப்பணியில் சிறப்பர். நன்கு கேட்கவும் தெரிய வேண்டும். கேளாதவர் வரையும் படம் எவருக்கும் உதவாது.

இத்தகைய வேலை பெருநகரத்தார்க்கே உரியது என்று எண்ண வேண்டுவதில்லை. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலிருந்து சோகோ நிறுவனத்தின் பொறியாளர்கள் உலகோர் பயன்படுத்தும் மென்பொருள்களை ஆக்குகின்றனர். தமிழ்நாட்டு அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரி மாணவர்களுக்குக் கணினித் துறையின் புதிய பயிற்சிகள் கிடைக்க வழி செய்கின்றது. 2019ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக மலர்ந்த கள்ளக்குறிச்சியிலிருந்தும், அதன் மலைச் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் இத்துறைக்கு வருதல் வேண்டும். அவ்வாறு வருவோர்க்கு ஒரு சிறப்பும் உண்டு. மழைக்காலத்தில் மலைப்பாதை எங்கே துண்டிக்கப்படும், எந்த வளைவில் கைபேசி அலை நிற்கும் என்பதை எந்த நூலும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. அவ்வறிவு வடிவமைப்புக்கு உதவும் பெருஞ்செல்வம்.

வடிவமைப்பாளர் அச்செவிலியரைக் காண்பதில்லை. மலையிலிருந்து இறங்கிவரும் தாயையும் காண்பதில்லை. அவர் காண்பது கூட்டாளி நிறுவனத்தின் பொறியாளர்களை மட்டுமே. எனினும் அவர் கேட்ட கேள்விகள் அப்பொறியாளர்களின் படத்தில் கோடுகளாகி, அக்கோடுகள் மென்பொருளாகி, உரிய நேரத்தில் மருத்துவரின் கண்முன் ஒரு குறிப்பாய் வந்து நிற்கின்றன. பிறர் கையால் நிகழ வேண்டிய நன்மைக்கு முன்கூட்டியே வழி வகுத்து, பின்னர்த் தாம் விலகி நிற்பதே மேகத் தீர்வு வடிவமைப்பாளரின் தொழில். அறிவும் கணக்கும் அதற்குத் துணை. முகமறியாத ஒருவரின் நலனை மறவாமையே அதற்கு அடிப்படை.